துண்டுக்கு அடியில் மூன்றாவது கை: மறையாக்கத்தையும் குவாண்டம் சாவியையும் கையால் செய்து பழக ஒரு வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள மாட்டுச் சந்தைகளில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போடுவார். துணிக்கு அடியில் விரல்கள் பேசும். சுற்றி இருபது பேர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கும் விலை தெரியாது. தலையாட்டுவதை வைத்து பேரம் படிந்ததா இல்லையா என்று மட்டும் ஊகிக்கலாம்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கணினிப் பாதுகாப்பு படிக்க வருகிறார்கள். மறையாக்கம், அதாவது என்கிரிப்ஷன், என்று ஆரம்பித்தாலே சமன்பாடு வரப்போகிறது என்று பயந்துவிடுகிறார்கள். அதனால் நான் இந்தத் துண்டில்தான் தொடங்குவேன். பாதுகாப்பு என்று யார் எதைச் சொன்னாலும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளும் இதற்குள் இருக்கின்றன. வெளியே நிற்பவனுக்கு ஏன் தெரியவில்லை? உள்ளே என் விரலைப் பிடித்திருக்கும் கை யாருடையது? இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு போனால் பழைய முறைக்கும் குவாண்டம் முறைக்கும் உள்ள வித்தியாசம் தானாகப் பிடிபடும்.

தேவையானவை: ஒரு கோடு போட்ட நோட்டு, பென்சில், இரண்டு நாணயங்கள், கூட உட்கார இரண்டு பேர். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்று கிடைத்தால் நல்லது.

முதல் படி: ரகசியம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இலக்கண வகுப்பில் குழூஉக்குறி படித்திருப்பீர்கள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள். வெளியாளுக்குச் சொல் புரியாததுதான் இங்கே பாதுகாப்பு. ஆனால் ஒரே ஒருவன் வெளியே போய்ச் சொல்லிவிட்டால், அந்தத் தொழில்காரர் அத்தனை பேரின் ரகசியமும் ஒரே நாளில் போய்விடும்.

சந்தைத் துண்டு வேறு வகை. எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்பது சந்தைக்கு வந்து பழகிய எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இருந்தும் இன்றைய விலை தெரியாது, ஏனென்றால் துணி மறைக்கிறது. 1883-இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் இதையே விதியாக எழுதிவைத்தார்: முறை எதிரிக்கு முழுக்கத் தெரிந்திருந்தாலும் சாவி ஒன்று மட்டும் தெரியாவிட்டால் செய்தி பத்திரமாக இருக்க வேண்டும். இன்று பொதுப் புழக்கத்தில் உள்ள நல்ல மறையாக்க முறைகள் எல்லாமே வெளிப்படையாக அச்சில் வந்தவை. ‘எங்கள் முறையே ரகசியம்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

இரண்டாம் படி: உடையவே உடையாத பூட்டு ஒன்றைச் செய்யுங்கள்

ஆம், அப்படி ஒன்று இருக்கிறது, பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். மாட்டின் விலை 47500 என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது போன்ற ஐந்து இலக்கங்கள் சாவி: 83916. ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் பத்தை விட்டுவிடுங்கள். 4-உம் 8-உம் 12, எழுத வேண்டியது 2. 7-உம் 3-உம் 10, எழுத வேண்டியது 0. இப்படியே போனால் 20416 வரும். அதை ஊருக்கே கேட்கும்படி கத்திச் சொல்லலாம். சாவி வைத்திருப்பவர் இலக்கம் இலக்கமாகக் கழித்து, போதாத இடத்தில் பத்தைச் சேர்த்துக்கொண்டு, 47500 என்று எடுத்துக்கொள்வார். சாவி இல்லாதவருக்கு எல்லா ஐந்திலக்க எண்ணும் ஒரே அளவு சாத்தியம்தான். எவ்வளவு பெரிய கணினியைக் கொண்டுவந்தாலும் அதில் எது என்று சொல்ல வழியே இல்லை. சாவி முற்றிலும் தற்செயலாக இருக்க வேண்டும், செய்தியளவு நீளம் வேண்டும், ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இதை உடைக்க முடியாது என்று கிளாட் ஷானன் 1949-இல் நிரூபித்துக் காட்டினார்.

அடுத்து, வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்து பாருங்கள். அதே சாவியால் இன்னொரு விலை, 52000-ஐ மறையுங்கள். 35916 வரும். இரண்டு மறைவு எண்களையும் இலக்கம் இலக்கமாகக் கழியுங்கள்: 15500. இனி இரண்டு உண்மையான விலைகளையும் அதே மாதிரி கழியுங்கள். அதுவும் 15500! சாவி காணாமலே போய்விட்டது. ஒட்டுக்கேட்பவருக்கு ஒரு விலை தெரிந்தால் போதும், மற்றது கையில் வந்துவிடும். இதை முதல் தடவை செய்து பார்க்கும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். 1940-களில் சோவியத் உளவுத்துறை சாவித் தாள்கள் சிலவற்றை இரண்டு முறை பயன்படுத்திவிட்டது. அமெரிக்கர்கள் அந்தச் செய்திகளில் ஒரு பகுதியை இந்த ஓட்டை வழியாகத்தான் படித்தார்கள்.

சரி, இவ்வளவு நல்ல பூட்டு இருக்கும்போது வேறு எதற்கு? சாவியை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் தகராறு. செய்தி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளச் சாவியை முன்கூட்டியே பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி சென்னைக்குச் சாவியைக் கொண்டுபோக ஆள் இருந்தால், செய்தியையே அவரிடம் கொடுத்தனுப்பலாமே. இதற்குப் பிறகு இந்தத் துறையில் நடந்த பெரும்பாலான வேலை இந்தச் சாவிப் பிரச்சினையைச் சுற்றித்தான்.

மூன்றாம் படி: காலத்தை நம்பும் பூட்டுகள்

சின்னச் சாவியால் பெரிய செய்தியை மூடும் முறைகள் வந்தன. 1977-இல் வந்த டிஇஎஸ் முறைக்கு 56 பிட் சாவி, அதாவது 56 இடங்களில் 0 அல்லது 1. 1998-இல் அதற்கென்றே செய்த ஒரு கணினி 56 மணி நேரத்தில் சாவியைத் தேடிப் பிடித்துவிட்டது. அப்புறம் 2001-இல் ஏஇஎஸ் வந்தது. குறைந்தது 128 பிட். அந்தச் சாவிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கம் வேண்டும். விநாடிக்கு ஒரு லட்சம் கோடிச் சாவிகளைப் போட்டுப் பார்த்தாலும், பிரபஞ்சத்தின் வயதைப்போலப் பல கோடி மடங்கு காலம் ஆகும். இதுதான் பழைய முறையின் அடிப்படை: எதிரியால் முடியாது என்று சொல்லவில்லை, முடிப்பதற்குள் காலம் தீர்ந்துவிடும் என்கிறது.

ஆனால் அந்தச் சின்னச் சாவியை எப்படிக் கொடுப்பது? 1976-இல் டிஃபியும் ஹெல்மனும், அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் இதற்கு வழி கண்டார்கள். ஒரு பக்கம் போக எளிதாக, திரும்பி வரக் கடினமாக இருக்கும் கணக்குகளை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 59-ஐயும் 127-ஐயும் பெருக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் 7493 என்பார். இன்னொருவரிடம் 7493 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்று கேளுங்கள். 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போய்ப் பதினேழாவது பகா எண்ணில்தான் சிக்கும். அந்த மூவரின் பெயரால் வழங்கும் ஆர்எஸ்ஏ முறையில் இன்று பரவலாகப் புழங்கும் எண்களுக்கு 617 இலக்கம். வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட முயற்சிகளில் ஆர்எஸ்ஏ வகை எண்களில் 2020-இல் காரணிப்படுத்திய 250 இலக்க எண்தான் பெரிய சாதனை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். திரும்பி வருவது கடினம் என்பதற்கு நிரூபணம் கிடையாது. இதுவரை யாருக்கும் சுருக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். 1994-இல் பீட்டர் ஷோர் ஒரு சுருக்கு வழியைக் காட்டினார். அதை ஓட்டப் போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி, அதாவது அணு, ஒளித்துகள் அளவில் நடக்கும் விதிகளை வைத்துக் கணக்குப் போடும் கணினி, வேண்டும். அப்படி ஒன்று வந்தால் ஆர்எஸ்ஏ, டிஃபி-ஹெல்மன், நீள்வளைவுக் கோட்டு முறை மூன்றுமே விழும். ஏஇஎஸ் அப்படி விழாது. 1996-இல் லவ் குரோவர் காட்டிய தேடல் வழி அதன் பலத்தைப் பிட் கணக்கில் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும். 256 பிட் சாவிக்கு மாறினால் சமாளித்துவிடலாம். ‘குவாண்டம் கணினி வந்தால் எல்லா மறையாக்கமும் காலி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. விழப்போவது சாவி கொடுக்கும் பகுதியும், அனுப்பியவர் இவர்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தும்.

அப்படிப்பட்ட கணினி இன்று இல்லை. பின் ஏன் இப்போதே கவலை? இன்று கம்பியில் போவதை யாராவது பிடித்துச் சேமித்து வைத்துவிட்டு, பதினைந்து வருடம் கழித்துத் திறக்கலாம். இருபது வயதுப் பெண் ஒருத்தி இன்று செய்துகொண்ட ரத்தப் பரிசோதனை முடிவு அவளுடைய முப்பத்தைந்து வயதிலும் அவளுடைய சொந்த விஷயம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது பதறும். எவ்வளவு காலம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று கேட்காமல் பூட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

நான்காம் படி: ஒளியைத் தொட்டால் தெரிந்துவிடும்

கூலிங் கிளாஸை எடுங்கள். எல்சிடி திரைக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்தே போய்விடும். அங்கிருந்து 90 பாகை திருப்பினால் முழு வெளிச்சம். நடுவில் 45 பாகையில் பாதி வெளிச்சம். ஒளி ஒரே கோணத்தில் அதிர்வதால் வருவது இது. பன்னிரண்டாம் வகுப்பில் தளவிளைவு என்று படித்தது இதுதான்.

அடுத்து ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக, அதாவது ஒவ்வொரு ஒளித்துகளாக, அனுப்புவதாக நினையுங்கள். 45 பாகையில் பாதி வெளிச்சம் என்றோம். பாதி ஃபோட்டான் என்று ஒன்று கிடையாதே! ஒவ்வொன்றும் ஒன்று கடக்கும், இல்லையென்றால் கடக்காது. எது நடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயற்கையிலேயே வழியில்லை. கடந்துவிட்டால், கண்ணாடியின் கோணத்துக்கே அது மாறிப்போயிருக்கும். முன்பு எந்தக் கோணத்தில் இருந்தது என்ற தடயம் இருக்காது. ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாமா என்றால், தெரியாத ஒரு குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்கவே முடியாது என்று 1982-இல் நிரூபித்துவிட்டார்கள்.

இதை வைத்து சார்லஸ் பென்னெட், ஜில் பிராசார் இருவரும் செய்த முறைக்கு பிபி84 என்று பெயர். அதை அவர்கள் முன்வைத்தது 1984 டிசம்பரில், பெங்களூரில் நடந்த மாநாட்டில். மதுரையிலிருந்து ராத்திரி ரயிலேறினால் காலையில் இறங்கும் ஊர்! பிள்ளைகளிடம் இதைச் சொல்ல நான் ஒருபோதும் தவறுவதில்லை.

நோட்டில் செய்து பார்ப்போம். மதுரையில் மீனா, மேலூரில் அழகர். மீனா ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு நாணயம் சுண்டுகிறாள். முதல் நாணயம் பிட்டைச் சொல்லும்: 0 அல்லது 1. இரண்டாவது, அதை நேர்க்கோணத்தில் அனுப்புவதா சாய்கோணத்தில் அனுப்புவதா என்று சொல்லும். அழகர் ஒரு நாணயத்தைச் சுண்டித் தன் அளவுகோணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். கோணம் ஒத்துப்போனால் மீனாவின் பிட் அப்படியே அவருக்கு வரும். ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு முறை சுண்டி, விழுந்ததை எழுத வேண்டும். இயற்கை செய்வதும் அதுவே. எங்கள் மாடியில் போன வாரம் வந்த எட்டுச் சுற்று இது:

சுற்று: 1, 2, 3, 4, 5, 6, 7, 8
மீனாவின் பிட்: 1, 0, 0, 1, 1, 0, 1, 0
மீனாவின் கோணம்: நேர், சாய், நேர், நேர், சாய், சாய், நேர், சாய்
அழகரின் கோணம்: நேர், நேர், நேர், சாய், சாய், நேர், நேர், சாய்

பிறகு இருவரும் போனில் பேசுகிறார்கள், யார் கேட்டாலும் பரவாயில்லை. பிட்டைச் சொல்வதில்லை, கோணத்தை மட்டும் சொல்கிறார்கள். 1, 3, 5, 7, 8 ஆகிய சுற்றுகள் ஒத்துப்போகின்றன. மற்றவற்றை அடித்துவிட்டால் மிஞ்சுவது 10110. அது இருவருக்கும் பொதுவான சாவி. சராசரியாகப் பாதி மிஞ்சும்.

மூன்றாவது ஆளை இனி நடுவில் உட்கார வையுங்கள். அவரும் கோணத்தை ஊகித்து, அளந்து, வந்ததை மறுபடி அனுப்ப வேண்டும். பாதி நேரம் தப்புக் கோணம். தப்பான கோணத்தில் அளந்ததில் பாதி அழகரிடம் தவறாகப் போய்ச் சேரும். ஆக, மிஞ்சிய சாவியில் நான்கில் ஒரு பிட் பிழை. மீனாவும் அழகரும் சாவியிலிருந்து 20 பிட்டை எடுத்து வெளிப்படையாக ஒப்பிட்டால், எல்லாவற்றையும் அளந்த ஒட்டுக்கேட்பவர் பிடிபடாமல் தப்பிக்க வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். துண்டுக்கு அடியில் மூன்றாவது கை நுழைந்தால் இரண்டு பேருக்கும் உறைக்குமே, அந்த மாதிரி. ஒப்பிட்ட பிட்டுகளைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும், அவை ஊருக்கே தெரிந்துவிட்டன. உண்மையான கருவியில் ஒட்டுக்கேட்பவர் இல்லாமலே கொஞ்சம் பிழை வரும். பிழை ஏறக்குறைய 11 சதவீதத்தைத் தாண்டாதவரை, திருத்தி, ஒட்டுக்கேட்டவருக்குத் தெரிந்திருக்கக்கூடியதைப் பிழிந்து வெளியேற்றிவிட்டு, சுருங்கிய சாவியை எடுத்துக்கொள்ளலாம்.

கவனித்தீர்களா, இதுவரை செய்தி எதுவும் போகவில்லை. பலர் ‘குவாண்டம் மறையாக்கம்’ என்று சொல்வது உண்மையில் குவாண்டம் சாவிப் பகிர்வு. செய்தியைப் பூட்டுவது இரண்டாம் படியில் செய்த கூட்டலோ ஏஇஎஸ்ஸோதான். கூட்டலாக இருந்தால், அன்று கம்பியில் கை வைக்காதவன் எத்தனை வருடம் கழித்து எந்தக் கணினியோடு வந்தாலும் திறக்க முடியாது. ஏஇஎஸ்ஸாக இருந்தால், செய்தியின் பாதுகாப்பு மறுபடியும் காலத்தை நம்பியதுதான்.

ஐந்தாம் படி: குவாண்டத்தின் ஓட்டைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

சந்தையில் தரகர் விற்பவரிடம் ஒரு துண்டைப் போட்டு 45 ஆயிரம் என்பார். நகர்ந்து போய், வாங்குபவரிடம் இன்னொரு துண்டைப் போட்டு 48 ஆயிரம் என்பார். இரண்டு துண்டுக்குள்ளும் மூன்றாவது கை நுழையவில்லை, இருந்தும் நடுவில் மூவாயிரம் போய்விட்டது. பிபி84-இலும் இப்படி நடக்கும். நடுவில் ஒருவர் மீனாவிடம் அழகராகவும் அழகரிடம் மீனாவாகவும் பேசினால் பிழையே வராது. அதனால் போன் பேச்சு உண்மையான ஆளிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்ய, ஒரு சின்ன ரகசியச் சாவி முன்பே இருவரிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது சாதாரண மறையாக்கத்தின் வேலை. இரண்டாவது கேள்விக்கு, கை யாருடையது என்பதற்கு, குவாண்டம் தானாகப் பதில் சொல்வதில்லை.

அடுத்தது தூரம். நல்ல கண்ணாடி இழையில் 100 கிலோமீட்டர் போனால் நூறு ஃபோட்டானில் ஒன்றுதான் மிஞ்சும். மேலூருக்கு வசதியாக அனுப்பலாம். சென்னைக்கு ஏறக்குறைய 460 கிலோமீட்டர். நேராக விட்டால் நூறு கோடி அனுப்பி ஒன்று போய்ச் சேர்வதே சந்தேகம். வழியில் பெருக்கிவிடலாம் என்றால் பிரதி எடுக்க முடியாது என்ற அதே விதி நம்மையும் தடுக்கிறது. ஆகவே திருச்சியில், விழுப்புரத்தில் என்று நிலையம் வைத்து, அங்கே சாவியைத் திறந்து மறுபடி அனுப்ப வேண்டும். அந்த அறையில் இருப்பவரை நம்பித்தான் ஆக வேண்டும்.

கருவிகளும் ஏட்டில் இருப்பதுபோல் நடப்பதில்லை. ஒரு ஃபோட்டானுக்குப் பதில் சில நேரம் இரண்டு கிளம்பும். ஒட்டுக்கேட்பவர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இதைப் பிடிக்க நடுநடுவே பலம் மாறிய போலித் துடிப்புகளைக் கலக்கிறார்கள். 2010-இல் ஆய்வாளர்கள், விற்பனையில் இருந்த கருவிகளின் உணரியைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, பிழை காட்டாமலே சாவியைப் படித்துக் காட்டினார்கள். இயற்பியல் விதி உடையவில்லை, பெட்டி உடைந்தது.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. இஸ்ரோ 2021-இல் 300 மீட்டர் திறந்தவெளியில் செய்து காட்டியது. 2022-இல் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாச்சலுக்கும் நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல் இழை வழியாகச் செய்தன. 2023-இல் 6003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் தகவல்தொடர்புக்கான மையம் ஐஐடி மெட்ராஸில்.

ஆறாம் படி: இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது

சென்ற வருடம் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் ‘குவாண்டம் பாதுகாப்புப் பெட்டி’ என்று விற்க ஒருவர் வந்தார். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். விசாரித்ததில், உள்ளே தற்செயல் எண் தரும் ஒரு குவாண்டம் சிப்பும் வழக்கமான ஆர்எஸ்ஏவும் இருந்தன. தற்செயல் எண் நல்ல விஷயம்தான், ஆனால் ஷோர் வழிக்கு அது தடுப்பு ஆகாது. அப்படி யாராவது வந்தால் கேளுங்கள்: இது சாவியை அனுப்புகிறதா, செய்தியைப் பூட்டுகிறதா? பூட்டுவது எந்த முறை? எதிர்முனையில் இருப்பது யார் என்று எதை வைத்து உறுதிசெய்கிறது? நடுவில் சாவி திறக்கும் இடம் உண்டா? பதிலில் ‘அது கம்பெனி ரகசியம்’ என்று வந்தால் முதல் படிக்குத் திரும்புங்கள்.

கடைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இன்று பொருத்தமானது மூன்றாவது வழி: குவாண்டம் கணினியாலும் தீர்க்க முடியாது என்று கருதப்படும் புதிய கணக்குகள். இவை சாதாரணக் கணினியில், சாதாரணக் கம்பியில் ஓடும். அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டது. சாவி பகிர எம்எல்-கெம். கையெழுத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்எச்-டிஎஸ்ஏ. சிக்னல் செயலி 2023-இலேயே இந்த வகைக்கு நகரத் தொடங்கியது, ஆப்பிளின் ஐமெசேஜ் 2024-இல். இதுவும் காலத்தை நம்பும் பூட்டுதான், நிரூபணம் இல்லாததுதான். ஆனாலும் என் தேர்வு இதுவே. நாட்டின் முதுகெலும்பான கம்பிகளுக்குக் குவாண்டம் சாவி பொருந்தலாம். நம் போன்களுக்கு இழை இழுக்க முடியாதே.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: என்னிடம் உள்ள எந்தத் தகவல் பத்து வருடத்துக்கு மேல் ரகசியமாக இருக்க வேண்டும்? அது எந்தச் செயலி வழியாகப் போகிறது? அந்தச் செயலி புதிய தரத்துக்கு மாறிவிட்டதா? அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், மாற்றம் அதன் வழியாகத்தான் வரும்.

வீட்டுப்பாடமும் ஒன்று உண்டு. நாணயப் பயிற்சியை நடுவில் ஆளை வைத்து 100 சுற்று செய்யுங்கள். பைத்தான் தெரிந்தால் ஐம்பது வரியில் எழுதிவிடலாம். ஏறக்குறைய 50 சுற்று மிஞ்சி, அதில் 12, 13 பிழை வர வேண்டும். பிழையே வரவில்லை என்றால், பெரும்பாலும் தப்புக் கோணத்தில் அளந்தபோது நாணயம் சுண்ட மறந்திருப்பீர்கள். அந்த வரியை முதலில் பாருங்கள்.